வெப்சைட்டுக்கும் சர்வீஸ் செலவு உண்டு: மாசம் ஒரு மணி நேரம், வருஷம் ஒரு பட்ஜெட்



சம்பள வேலையில இருந்துக்கிட்டே குடும்ப வியாபாரத்துக்கும் கை கொடுக்கறவங்க நம்ம வாசகர்கள்ல நிறைய பேர் இருக்கீங்க. வேலை ஓசூர்லயோ பெங்களூர்லயோ இருக்கும். ஊர் நல்லம்பள்ளி பக்கம். வீட்ல புளி, ராகி மாவு, மாம்பழம்னு ஏதோ ஒரு வியாபாரம். சம்பளத்துல மிச்சம் பிடிச்ச இருபதாயிரம், முப்பதாயிரத்துல அதுக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுப்பீங்க. ஆரம்பிச்ச அன்னைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல லிங்க் போகும். அதோட செலவு முடிஞ்சதுன்னு பட்ஜெட்ல இருந்து அந்த வரியையே எடுத்துடுவோம்.

அந்த வரியை எடுக்கக் கூடாதுங்கறதுதான் இந்தப் பதிவு. பைக் வாங்கும்போது ஷோரூம் விலையை மட்டும் பார்த்து யாரும் வாங்கறதில்ல. பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. எந்தப் பொருளுக்கும் வாங்குற செலவு ஒண்ணு, வச்சிருக்கற செலவு ஒண்ணு. வெப்சைட்டுக்கு இந்த ரெண்டாவது கணக்கை யாரும் நமக்குப் போட்டுக் காட்டறதில்ல. இன்னைக்கு நாமளே போட்டுடுவோம்.

1. இதுல உங்க சொந்தம் எது, வாடகை எது?

நல்லம்பள்ளி மாதிரி வாரச்சந்தை கூடுற ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கறது சுலபம். சந்தையில கடை விரிச்சா சுங்கம் கட்டணும். இந்த வாரம் கட்டினது அடுத்த வாரத்துக்கு ஆகாது. எத்தனை வருஷமா அதே இடத்துல உக்காந்திருந்தாலும் இடம் உங்களுது இல்ல. சரக்கு மட்டும்தான் உங்களுது.

வெப்சைட்லயும் அதே கதைதான்.

- டொமைன் பெயர்: வாடகை. டாட் காம் பெயரை ஒரே நேரத்துல அதிகபட்சம் 10 வருஷத்துக்குத்தான் பதிவு பண்ணி வைக்க முடியும். ஆயுசுக்கும் சேர்த்து வாங்குற வழியே கிடையாது.
- ஹோஸ்டிங்: வாடகை. உங்க ஃபைல்கள் இருக்கற சர்வர்ல ஒரு இடம்.
- எஸ்எஸ்எல் சான்றிதழ்: பிரவுசர்ல 'பாதுகாப்பானது அல்ல'ன்னு வராம இருக்க உதவறது. இலவசமாவும் கிடைக்கும். ஆனா காலாவதி தேதி உண்டு.
- வேர்ட்பிரஸ், பிளக்இன், தீம்: பெரும்பாலும் இலவசம். அப்டேட் பண்ற வேலை உங்களோடது.
- போட்டோ, எழுத்து, ஆர்டர் விவரம், கஸ்டமர் லிஸ்ட்: உங்க சொந்தம்னு சொல்ல இது மட்டும்தான் இருக்கு. அதுவும் பேக்கப் எடுத்து வச்சிருந்தா மட்டும்.

ஆக, மெயின்டனன்ஸ்னா வாடகையைத் தேதியில கட்டறது, பூட்டைப் பழுது பார்க்கறது, சரக்கை இன்னொரு இடத்துலயும் வைக்கறது. இந்த மூணுதான். ஒவ்வொண்ணையும் தவறவிட்டா என்ன ஆகும்னு நிஜமா நடந்த சம்பவங்கள் மூலமாவே பார்ப்போம்.

2. டொமைன்: கதவு ஒண்ணுதான், சாவி யார்கிட்ட?

2018 செப்டம்பர் 24. சென்னையைத் தலைமையிடமா வச்சிருக்கற ஜோஹோ நிறுவனத்தோட டாட் காம் முகவரி திடீர்னு திறக்கல. மெயில், சிஆர்எம், பில்லிங்னு அவங்க சாஃப்ட்வேரை நம்பி இருந்த உலகம் முழுக்க உள்ள கம்பெனிகளுக்கு அன்னைக்கு வேலை நின்னுபோச்சு. ஜோஹோவோட சர்வர் எதுவும் கெட்டுப்போகல. ரினீவல் பண்ணவும் அவங்க மறக்கல. ஜோஹோ மெயிலை யாரோ சிலர் மோசடி மெயில் அனுப்பப் பயன்படுத்தினாங்கன்னு புகார் போயிருந்தது. அதை வச்சு, டொமைனைப் பதிவு பண்ணிக் கொடுத்த அமெரிக்க நிறுவனம் அந்தப் பெயரையே முடக்கிடுச்சு. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டர்ல வெளிப்படையா உதவி கேக்க வேண்டிய நிலைமை வந்தது. டொமைன் திரும்பக் கிடைச்ச பிறகும், இணையத்துல அந்த மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ நேரம் பிடிச்சதால பலருக்கு மணிக்கணக்கா திறக்கல. அப்புறம் ஜோஹோ தன் டொமைனை வேற நிறுவனத்துக்கு மாத்திக்கிட்டாங்க.

ஆயிரக்கணக்கான இன்ஜினியர்கள் இருக்கற கம்பெனிக்கே அந்த ஒரு கதவுதான் பலவீனமான இடமா இருந்தது. நம்ம மாதிரி சின்ன வியாபாரத்துல அந்தக் கதவோட சாவி யார்கிட்ட இருக்குன்னே பல பேருக்குத் தெரியாது.

சின்ன ஊர்கள்ல வழக்கமா நடக்கறது இதுதான். வெப்சைட் பண்ணிக் கொடுத்த தம்பி தன்னோட அக்கவுன்ட்லயே, தன்னோட மெயில் ஐடியிலயே டொமைனை வாங்கி இருப்பார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, அது அவருக்கு வசதி. மூணு வருஷம் கழிச்சு அவர் துபாய் போயிருப்பார், நம்பர் மாறியிருக்கும். ரினீவல் நினைவூட்டல் எல்லாம் அவர் பார்க்காத மெயிலுக்குப் போயிட்டு இருக்கும். நிலத்துக்கு முழுப் பணத்தையும் கொடுத்துட்டு பத்திரம் அடுத்தவர் பேர்ல இருக்கற மாதிரிதான் இது.

மறதி பெரிய கம்பெனிகளையும் விட்டதில்ல. 1999 டிசம்பர்ல மைக்ரோசாஃப்ட் தன்னோட 'பாஸ்போர்ட்' டொமைனுக்குக் கட்ட வேண்டிய 35 டாலரைக் கட்டாம விட்டாங்க. ஹாட்மெயில்ல நிறைய பேரால உள்ள நுழைய முடியல. அமெரிக்க புரோகிராமர் ஒருத்தர் தன்னோட கார்டுலேயே அந்தப் பணத்தைக் கட்டின பிறகுதான் சரியாச்சு. மைக்ரோசாஃப்டுக்குக் கட்டறதுக்கு ஒருத்தர் வந்தார். நமக்கு யாரும் வர மாட்டாங்க.

டாட் காம் பெயர் ஒண்ணு காலாவதி ஆனா பொதுவா நடக்கற வரிசை இது:

- காலாவதி ஆன சில நாள்லயே சைட்டும், அந்தப் பெயர்ல இருக்கற மெயிலும் நின்னுடும்.
- அதிகபட்சம் 45 நாள் வரைக்கும் சாதாரணக் கட்டணத்துலயே புதுப்பிக்க வாய்ப்பு இருக்கும். எத்தனை நாள்ங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.
- அடுத்து 30 நாள் மீட்புக் காலம். இங்க வழக்கமான கட்டணத்தோட பெரிய அபராதத் தொகையும் சேரும்.
- கடைசியா 5 நாள். இந்தக் கட்டத்துல நீங்க ஒண்ணும் பண்ண முடியாது.
- அப்புறம் யார் வேணும்னாலும் வாங்கலாம்.

நல்ல பேர் வாங்கின டொமைன் சந்தைக்கு வந்தா அதைப் பிடிக்கவே ஆட்கள் காத்திருப்பாங்க. அப்பா இருபது வருஷமா காப்பாத்தின கடைப் பெயர்ல சூதாட்ட விளம்பரம் ஓடும். இன்னொரு ஆபத்தும் இருக்கு. புதுசா வாங்கினவர் அந்தப் பெயர்ல ஒரு மெயிலை உருவாக்கிக்கிட்டா, உங்களுக்கு வர வேண்டிய மெயில் அவருக்குப் போகும். ஜிஎஸ்டி, பேங்க், கூரியர் அக்கவுன்ட் எதுலயாவது அந்த மெயிலைக் கொடுத்திருந்தா, 'பாஸ்வேர்டு மறந்துட்டேன்'னு ஒரு கிளிக் போதும், லிங்க் அவர் கைக்குப் போயிடும். அதனால டொமைனை விடப் போறீங்கன்னாலும், முதல்ல எல்லா இடத்துலயும் மெயில் ஐடியை மாத்திட்டுத்தான் விடணும்.

'ஆட்டோ ரினீவல் போட்டிருக்கேனே'ன்னு நிம்மதியா இருக்கீங்களா? இந்தியக் கார்டுக்கு இங்க ஒரு சிக்கல் இருக்கு. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டுல இருந்து தானாப் பணம் எடுக்கணும்னா முன்கூட்டியே இ-மேண்டேட் பதிவு இருக்கணும். அந்த ஏற்பாடு இல்லாத வெளிநாட்டு கம்பெனி பணம் எடுக்க முயற்சி பண்ணா பேங்க் மறுத்துடும். திரையில 'ஆட்டோ ரினீவல் ஆன்'னுதான் காட்டும், பணம் போயிருக்காது. கார்டு காலாவதி ஆகிப் புதுசு வந்திருந்தாலும் இதே கதிதான். அதனால ஆட்டோ ரினீவலை நம்பாம, ஒரு மாசம் முன்னாடியே யுபிஐ-லயோ நெட் பேங்கிங்லயோ நீங்களே கட்டிடுங்க.

3. அப்டேட்: பூட்டு உடைஞ்சதுன்னு ஊருக்கே தெரிஞ்ச பிறகு

'நம்ம சைட்டை யார் ஹேக் பண்ணப் போறாங்க? நாம என்ன பேங்க்கா?' இந்தக் கேள்வியைக் கேக்காதவங்க இல்ல. பதில் சுலபம். உங்களை யாரும் தேடி வர்றதில்ல. தானா ஓடுற புரோகிராம்கள் இணையம் முழுக்க ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கும். எங்க பழைய பிளக்இன் இருக்கோ அங்க உள்ள நுழையும். உங்க புளி வியாபாரத்து மேல அதுக்கு ஆசை கிடையாது. உங்க சைட்ல திருட்டுத்தனமா நூறு விளம்பரப் பக்கம் வைக்கலாம், பேங்க் மாதிரி போலிப் பக்கம் ஒண்ணு வைக்கலாம், மொபைல்ல வர்றவங்களை வேற சைட்டுக்குத் திருப்பி விடலாம். அதுக்குத் தேவை உங்க இடம் மட்டும்தான். கூகுள் இதைக் கண்டுபிடிச்சா, உங்க சைட்டைத் திறக்கறவங்களுக்கு சிவப்பு எச்சரிக்கைப் பக்கம் வரும். அதைப் பார்த்துட்டு உள்ள வர்ற கஸ்டமர் யாரும் இல்ல.

அப்டேட்டுக்கும் ஆபத்துக்கும் இருக்கற தொடர்பை நிறைய பேர் தலைகீழாப் புரிஞ்சுக்கறாங்க. ஒரு பாதுகாப்பு அப்டேட் வெளிவரும்போது, 'இந்த இடத்துல ஓட்டை இருந்தது'ங்கற சேதியும் சேர்ந்தே வெளிவருது. அதாவது, அப்டேட் வந்த நாள்ல இருந்து அதைப் போடாத சைட்டுக்கு ஆபத்து முன்னைவிட அதிகம்.

இதுக்கு உங்களுக்கு நல்லாப் பரிச்சயமான ஒரு பெயரே சாட்சி. லோன் வாங்கும்போது கிரெடிட் ஸ்கோர் பார்க்கறாங்களே, இந்தியாவுல அதைக் கொடுக்கற நாலு நிறுவனங்கள்ல ஒண்ணு ஈக்விஃபாக்ஸ். அதோட அமெரிக்கத் தாய் நிறுவனத்துல 2017-ல நடந்தது இது. அவங்க வெப்சைட்ல பயன்படுத்தின 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்'ங்கற இலவச சாஃப்ட்வேர்ல ஒரு ஓட்டை. மார்ச் 7-ம் தேதியே சரி செய்யற அப்டேட் வந்துடுச்சு. ஒரு சர்வர்ல மட்டும் அதைப் போடாம விட்டாங்க. மே மாசம் திருடங்க அந்த வழியா உள்ள வந்து ஜூலை கடைசி வரைக்கும் இருந்தாங்க. அவ்வளவு நாள் ஏன் தெரியல? உள்ள போய் வர்ற தகவலைக் கண்காணிக்கற கருவியோட சான்றிதழ் பல மாசம் முன்னாடியே காலாவதி ஆகியிருந்தது. அதைப் புதுப்பிச்சதும்தான் திருட்டே கண்ணுல பட்டது. சுமார் 14.7 கோடி பேரோட விவரம் போச்சு. 2019-ல வழக்கை முடிக்க அவங்க ஒத்துக்கிட்ட தொகை குறைஞ்சது 57.5 கோடி டாலர், அதிகபட்சம் 70 கோடி டாலர்.

போடாம விட்ட அப்டேட்டோட விலை பூஜ்ஜியம். புதுப்பிக்காத சான்றிதழோட விலை சொற்பம்.

நல்லம்பள்ளியில இருந்து சேலம் போறவங்களுக்கு தொப்பூர் கணவாய் தெரியும். லோடு லாரிக்கு பிரேக்கை எங்க பார்க்கணும்? இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. பாதி இறக்கத்துல பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்ல. வெப்சைட்டுக்கு அந்த இறக்கம் தீபாவளி ஆர்டர், மாம்பழ சீசன், நீங்க பணம் கட்டி விளம்பரம் ஓட்டுற வாரம். அப்டேட் வேலையை எல்லாம் அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே முடிச்சு, எல்லாம் சரியா ஓடுதான்னு பார்த்துடணும்.

எஸ்எஸ்எல் சான்றிதழ் பத்தியும் ஒரு வார்த்தை. முன்னாடி இதை வருஷத்துக்கு ஒரு தடவை கையால மாத்தினா போதும். இனி அது நடக்காது. சான்றிதழ் வழங்கற நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் 2025 ஏப்ரல்ல எடுத்த முடிவுப்படி, ஒரு சான்றிதழோட அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் முதல் 100 நாள், 2029 மார்ச் முதல் வெறும் 47 நாள். கையால மாத்தறது கட்டுப்படி ஆகாது. உங்க ஹோஸ்டிங்ல இது தானாப் புதுப்பிக்குதான்னு இப்பவே கேளுங்க. 'லெட்ஸ் என்க்ரிப்ட்' மாதிரி இலவசச் சான்றிதழைத் தானாவே புதுப்பிக்கற வசதி நிறைய ஹோஸ்டிங் கம்பெனிகள்ல இருக்கு. இதுக்குன்னு யாராவது வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல பில் போட்டா, ஏன்னு கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு.

4. பேக்கப்: இருக்குன்னு நினைக்கறதும் இருக்கறதும்

2023 ஆகஸ்ட் 26. இலங்கை அரசோட கிளவுட் மேல ரான்சம்வேர் தாக்குதல். அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசாங்க மெயில் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டது. சர்வர் திரும்ப ஓட ஆரம்பிச்சிடுச்சு. ஆனா மே 17-ல இருந்து ஆகஸ்ட் 26 வரைக்குமான மெயில்கள் திரும்ப வரல. அந்த மூணு மாசத்துக்கும் மேலான காலத்துக்கு, தாக்குதல் எட்டாத தனி இடத்துல பேக்கப் இல்ல. சர்வர்ல ஓடினது 2013-ம் வருஷத்து மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச். அந்த வருஷம் ஏப்ரல்லயே மைக்ரோசாஃப்ட் அதுக்குப் பாதுகாப்பு அப்டேட் கொடுக்கறதை நிறுத்திட்டாங்க. 2021-ல இருந்தே புது வெர்ஷனுக்கு மாத்தணும்னு திட்டம் இருந்ததாகவும், நிதித் தட்டுப்பாடு உள்ளிட்ட காரணங்களால தள்ளிப்போனதாகவும் பொறுப்பான அரசு நிறுவனமே சொன்னது.

நிதி இல்லன்னு தள்ளிப் போட்ட செலவு, வட்டியோட திரும்பி வரும். இது நம்ம சேனலோட பழைய பாடம்தான்.

உங்களுக்கு இதுல மூணு விஷயம்.

ஒண்ணு, பேக்கப் அதே ஹோஸ்டிங்குக்குள்ளயே இருந்தா அது பேக்கப் இல்ல. 2021 மார்ச் 10-ம் தேதி பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல ஓவிஹெச் நிறுவனத்தோட டேட்டா சென்டர் தீப்பிடிச்சு ஒரு கட்டடம் முழுசா எரிஞ்சுபோச்சு. பேக்கப்பையும் அங்கேயே வச்சிருந்தவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாப் போச்சு. மாசம் ஒரு காப்பியை உங்க கூகுள் டிரைவ்லயும், ஒரு காப்பியை வீட்ல இருக்கற ஹார்ட் டிஸ்க்லயும் வைங்க.

ரெண்டு, எடுத்த பேக்கப்பைத் திரும்பப் போட்டுப் பார்க்கணும். 2017 ஜனவரி 31-ல கிட்லேப் நிறுவனத்துல ஒருத்தர் தவறுதலா டேட்டாபேஸை அழிச்சுட்டார். அஞ்சு வகைப் பேக்கப் ஏற்பாடு இருந்தது. எதுவும் ஒழுங்கா வேலை செய்யல. ஆறு மணி நேரம் முன்னாடி எதேச்சையா எடுத்து வச்ச ஒரு காப்பிதான் காப்பாத்துச்சு. சாஃப்ட்வேர்தான் அவங்க தொழிலே. அவங்களுக்கே அந்த நிலைமை.

மூணு, பேக்கப்ல இருக்கறது கஸ்டமரோட பேர், போன் நம்பர், முகவரி. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, இதைப் பாதுகாக்கற பொறுப்பு இதை வாங்கி வச்சிருக்கற உங்களோடது. தேவையில்லாத பழைய விவரத்தை அழிக்கறதும் மெயின்டனன்ஸ்தான். வச்சிருக்காத தகவலை யாரும் திருட முடியாது.

5. இப்போ கணக்கு

ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்குவோம். தொகைகள் கணக்குப் புரியறதுக்காக நான் போட்டது. உங்க பில்லைப் பார்த்து உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. ஜிஎஸ்டி 18% சேர்த்தே எழுதுங்க.

வருஷச் செலவு:

- டொமைன்: ரூ.1,200
- ஹோஸ்டிங்: ரூ.4,800
- சொந்தப் பெயர்ல மெயில்: ரூ.1,800
- வெளி இடத்துல பேக்கப்: ரூ.1,200
- மாசாமாசம் பார்த்துக்க ஒருத்தருக்கு: ரூ.6,000
- மொத்தம்: ரூ.15,000. மாசத்துக்கு ரூ.1,250.

ஹோஸ்டிங்குக்கு விளம்பரத்துல வர்ற விலையை எழுதாதீங்க. அது பெரும்பாலும் முதல் தடவைக்கு மட்டும், அதுவும் மூணு நாலு வருஷத்துக்கு மொத்தமாக் கட்டினா. ரினீவல் விலை அதே பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கும். அதுதான் உங்க விலை.

இப்போ ஒரு தடவை சைட் ஹேக் ஆகி 10 நாள் முடங்குதுன்னு வைங்க. தினம் 8 ஆர்டர், ஒரு ஆர்டருக்கு லாபம் ரூ.120.

- போன லாபம்: 8 × 120 × 10 = ரூ.9,600
- சுத்தம் பண்ண ஆளுக்கு: ரூ.15,000
- ஏற்கெனவே ஓடிட்டு இருந்த விளம்பரம், தினம் ரூ.300 வீதம்: ரூ.3,000
- மொத்த நஷ்டம்: ரூ.27,600

இங்க பல பேர் விற்பனைத் தொகையையே நஷ்டம்னு எழுதி பயமுறுத்துவாங்க. அது தப்பு. விற்காத சரக்கு உங்ககிட்டதானே இருக்கு, போனது லாபம் மட்டும்தான். மாம்பழம் மாதிரி அழுகற சரக்கா இருந்தா சரக்கு விலையையும் சேர்த்துக்கோங்க.

15,000 ரூபாய்ல டொமைன், ஹோஸ்டிங், மெயில் மூணும் சேர்ந்த 7,800 ரூபாய் சைட் உயிரோட இருக்கறதுக்கே கட்ட வேண்டியது. உண்மையான பராமரிப்புச் செலவு மீதி 7,200 ரூபாய்தான். 27,600-ஐ 7,200-ஆல வகுத்தா 3.8. அதாவது நாலு வருஷத்துல ஒரு தடவை ஹேக் ஆகறதைத் தடுத்தாலே, ஆளுக்குக் கொடுத்த பணம் ஏறக்குறைய வந்துடும்.

அந்த வேலையை நீங்களே பார்த்தா? கையில இருந்து போறது பேக்கப் செலவு ரூ.1,200 மட்டும். அப்போ 23 வருஷத்துல ஒரு தடவை தடுத்தாலே போதும். கூடவே மாசத்துக்கு ஒரு மணி நேரம் உங்க நேரம். டேர்ம் இன்சூரன்ஸ் பிரீமியத்தை எப்படிப் பார்க்கறீங்களோ அப்படியே இதையும் பாருங்க. சின்னத் தொகை, சலிப்பான வேலை, ஆனா விடாம செய்யணும்.

ரெண்டு பணக் குறிப்பு:

- இந்த வருஷச் செலவுக்குன்னு தனியா ஒரு ஆர்டி போடுங்க. நம்ம உதாரணத்துல ஆள் வச்சா மாசம் ரூ.1,250, நீங்களே பார்த்தா ரூ.750. ரினீவல் வர்ற மாசம் கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டி வராது. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. தேதி முன்னாடியே தெரிஞ்ச செலவு எமர்ஜென்சி ஆகாது.
- பில் எல்லாம் வியாபாரம் யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்ல இருக்கட்டும். ஜிஎஸ்டி பதிவு இருந்தா அந்த நம்பரையும் கொடுத்து வாங்குங்க. வியாபாரம் உங்க பேர்லயே இருந்தா, சம்பளத்துக்கு மட்டும் போடற ஐடிஆர்-1 போதாது. உத்தேச வருமான முறையில கணக்குக் காட்டினா இந்தச் செலவைத் தனியாக் கழிக்க முடியாதுங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

6. மாசம் ஒரு மணி நேரம்: என்ன செய்யணும்?

சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமைன்னு வச்சுக்கலாம்.

*மாசாமாசம்*

1. வைஃபை இல்லாம, உங்க மொபைல்ல ஒரு கஸ்டமர் மாதிரி சைட்டைத் திறங்க. ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்க. மெசேஜ் ஃபார்ம்ல ஒண்ணு அனுப்பி, அது உங்க கைக்கு வருதான்னு பாருங்க. சைட் நல்லாத் தெரியும், ஆனா ஃபார்ம் மெயில் மாசக்கணக்கா வராம இருக்கும். சத்தமில்லாம வியாபாரத்தைக் கொல்றது இதுதான்.
2. முதல்ல பேக்கப், அப்புறம் அப்டேட். இந்த வரிசையை மாத்தாதீங்க.
3. பயன்படுத்தாத பிளக்இன், தீமை அழிச்சுடுங்க. ஆஃப் பண்ணி வைக்கறது போதாது.
4. கூகுள் சர்ச் கன்சோல்ல எச்சரிக்கை வந்திருக்கான்னு பாருங்க. இது இலவசம்.
5. யார் யாருக்கு அட்மின் அனுமதி இருக்குன்னு பார்த்து, வேலை முடிஞ்சு போனவங்களை எடுத்துடுங்க.

*மூணு மாசத்துக்கு ஒரு தடவை*

6. ஒரு பேக்கப்பைத் திரும்பப் போட்டுப் பாருங்க.
7. விலை, போன் நம்பர், கடை நேரம் சரியா இருக்கான்னு பாருங்க. போன வருஷத்துப் புளி விலை சைட்ல இருந்தா, ஒண்ணு நஷ்டம், இல்லன்னா சண்டை.

*வருஷத்துக்கு ஒரு தடவை*

8. டொமைன், ஹோஸ்டிங் காலாவதி தேதியை உங்க போன் காலண்டர்ல போடுங்க. 60 நாள், 30 நாள், 7 நாள் முன்னாடின்னு மூணு நினைவூட்டல்.
9. ரெண்டு அடுக்குப் பாதுகாப்பு ஆன்ல இருக்கா? அக்கவுன்ட்ல இருக்கற போன் நம்பர் இப்பவும் உங்க கையில இருக்கா?

ஆள் வச்சுப் பார்த்தா, பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. மாசம் என்னென்ன செய்வீங்க, எழுதிக் கொடுப்பீங்களா? பேக்கப் எங்க இருக்கு, எனக்கு ஒரு காப்பி வருமா? சைட் நின்னா எத்தனை மணி நேரத்துல பார்ப்பீங்க? நாளைக்கு நாம பிரிஞ்சா எல்லா பாஸ்வேர்டும் என் கைக்கு வருமா? நாலாவது கேள்விக்கு இழுத்தடிச்சா வேற ஆளைப் பாருங்க.

7. இவ்வளவும் உங்களுக்கு வேணுமா?

சில கடைக்கு வெப்சைட்டே தேவையில்ல. உள்ளூர் கஸ்டமர் மட்டும்தான், ஆர்டர் எல்லாம் போன்லயே வருதுன்னா, கூகுள் மேப்ல கடைப் பதிவும் வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாகும் போதும். ரெண்டும் இலவசம். மாசம் ஒரு மணி நேரம் யாராலயும் ஒதுக்க முடியாது, ஆள் வைக்கவும் பணம் இல்லன்னா, ஆர்டர் வாங்குற பெரிய சைட்டைப் போட்டுட்டுக் கைவிடறதைவிட, போன் நம்பரும் வழியும் மட்டும் இருக்கற ஒரே ஒரு பக்கம் நல்லது. வச்சிருக்க முடியாத பைக்கை வாங்கறதைவிட பஸ் பாஸ் எடுக்கறது புத்திசாலித்தனம்.

வேணும்னு முடிவு பண்ணா, இன்னைக்கே 10 நிமிஷம் ஒதுக்கி மூணு விஷயம் மட்டும் பாருங்க. டொமைன் யார் பேர்ல இருக்கு? எந்த மெயிலுக்கு நினைவூட்டல் போகுது? எந்தத் தேதியில முடியுது? மூணுக்கும் பதில் தெரியலன்னா, சைட் பண்ணிக் கொடுத்தவருக்கு இப்பவே ஒரு போன் போடுங்க. அவர் நம்பர் இன்னும் மாறாம இருக்கும்போதே.

உங்க ஹோஸ்டிங்கோட முதல் வருஷ விலை எவ்வளவு, ரினீவல் விலை எவ்வளவுன்னு பார்த்துட்டு கீழ எழுதுங்க. அந்த எண்களை வச்சே அடுத்த வீடியோல கணக்குப் போடுவோம். வீட்ல வியாபாரம் பண்ற நண்பருக்கும் இதை அனுப்பி வைங்க.